ஐந்து ஆண்டுகள் கடந்தாலும் பரிசோதனையை நிறுத்தாதீர்: கிரானுலோசா செல் கட்டி

மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆன பிறகு மீண்டும் இரத்தப்போக்கு ஏற்பட்டால், 'உடம்புச் சூடு' என்று நாளைக் கடத்தும் தாய்மார்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று, கிரானுலோசா செல் கட்டி எனும் அரிய வகைச் சூலகப் புற்றுநோய். இது மெதுவாக வளரும். ஆனால், குணமாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் திரும்பி வரக்கூடியது.

எப்படி உருவாகிறது?

சூலகத்தில் கருமுட்டையைச் சுற்றியிருந்து அதனை வளர்ப்பவை கிரானுலோசா செல்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரப்பதும் இவையே. சூலகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 2 முதல் 5 விழுக்காடு இச்செல்களில் தோன்றுகின்றன. சிறுமிகளையும் இளம்பெண்களையும் தாக்கும் வகை ஒன்று உண்டு. எனினும், 50 வயதை ஒட்டிய பெண்களிடம் காணப்படும் வகையே அதிகம்.

இந்த இரண்டாம் வகைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் 'ஃபாக்ஸ்எல்2' என்ற மரபணுவில் ஒரே மாற்றம் இருப்பதை ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டு கண்டறிந்தனர். இது கட்டியின் செல்களில் மட்டும் நேர்ந்த மாற்றம்; தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவதில்லை.

அறிகுறிகள்

கட்டி ஈஸ்ட்ரோஜனை மிகுதியாகச் சுரப்பதால், மாதவிடாய் நின்றவர்களுக்கு இரத்தப்போக்கு ஏற்படுகிறது. நிற்காதவர்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறும். வயிறு உப்புதல், அடிவயிற்று வலி ஆகியவையும் வரலாம். கருப்பையின் உட்சுவர் தடிப்பதும் உண்டு. சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயும் சேர்ந்தே இருக்கும். ஆகவே, மாதவிடாய் நின்ற பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சை

அறுவை சிகிச்சையே முதன்மையானது. பெரும்பாலோருக்குக் கட்டி சூலகத்தைத் தாண்டிப் பரவுவதற்கு முன்பே கண்டறியப்படுவதால், நல்ல பலன் கிடைக்கிறது. பிள்ளை பெற விரும்பும் இளம்பெண்களுக்கு, நோய் தொடக்க நிலையில் இருந்தால் ஒரு சூலகத்தையும் கருப்பையையும் விட்டுவைக்க முடியும். நோய் பரவியிருந்தால் கீமோதெரபி தேவைப்படலாம்.

'ஐந்து ஆண்டுக் கணக்கு' இங்கே செல்லாது

ஐந்து ஆண்டுகள் நோய் வராவிட்டால் தப்பித்துவிட்டோம் என்பது பலருடைய எண்ணம். இந்நோய்க்கு அக்கணக்கு பொருந்தாது. திரும்பி வருவோருக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு ஆண்டுகளில் வருகிறது. 20 ஆண்டுகளுக்குப் பிறகு வந்ததும் பதிவாகியுள்ளது. பெரும்பாலும் அடிவயிற்றிலும் வயிற்றுப் பகுதியிலுமே மீண்டும் தோன்றும். வந்தால் மறுபடியும் அறுவை சிகிச்சை, கீமோதெரபி, ஹார்மோன் மாத்திரைகள் என வழிகள் உள்ளன. சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டியை முழுமையாக அகற்றும் வாய்ப்பு கூடும்.

இரத்தத்தில் 'இன்ஹிபின் பி', 'ஏஎம்எச்' ஆகியவற்றின் அளவைப் பார்ப்பது கண்காணிப்புக்கு உதவும். சூலகப் புற்றுநோய்க்கு வழக்கமாக எடுக்கப்படும் 'சிஏ 125' இக்கட்டிக்கு நம்பகமானதன்று. எந்தப் பரிசோதனை, எத்தனை மாதத்திற்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு பத்திரம்

தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு, ஒரு மாநிலத்தை விட்டு மற்றொன்றுக்கு என நம் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. மருத்துவமனை மாறும்போது பழைய விவரம் தானாக உடன் வரும் என்று இருந்துவிடக் கூடாது. அறுவை சிகிச்சை அறிக்கை, திசுப் பரிசோதனை முடிவு, ஸ்கேன், இரத்த அளவுகள் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து வயிற்று வலியென்று போகும்போது, எதிரில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்தக் கோப்புதான் வழிகாட்டும். நோயின் பெயரைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

மருத்துவரைக் கேட்காமல் ஹார்மோன் மாத்திரையோ, 'பெண்களுக்கான டானிக்' என விற்கப்படுபவற்றையோ உட்கொள்ள வேண்டாம்.

செலவுக்குச் சிரமப்படுவோர் அரசாங்க மருத்துவமனையின் மருத்துவச் சமூகநலப் பிரிவை அணுகலாம். 1994-இல் தொடங்கப்பட்ட மக்னா எனும் தேசியப் புற்றுநோய் மன்றமும் வசதி குறைந்த நோயாளிகளுக்கு உதவுகிறது.

பரிசோதனை நாள் நெருங்கினால் தூக்கம் வராது என்பது இந்நோயோடு வாழ்பவர்கள் அறிந்ததே. அன்று வீட்டில் ஒருவர் உடன் செல்லுங்கள். 'அதான் குணமாயிடுச்சே, இன்னும் ஏன் ஆஸ்பத்திரி?' என்று மட்டும் கேட்காதீர்கள்.