விளக்கேற்றுமுன் ஒரு விசாரணை: மின்சாரமும் கடன்கோப்பும் அகதியும்

1

2002ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பெர்லினில் வீடு மாறியபோது, மலிவாக மின்சாரம் தருவதாக விளம்பரம் செய்திருந்த தனியார் கம்பனி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு கிழமைக்குள் பதில் வந்தது. விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று இரண்டு வரி; காரணம் எதுவும் இல்லை. இந்த நாட்டில் அப்போது எனக்குப் பதினேழு வருடங்கள். வரியிலோ வாடகையிலோ பிந்தியவனல்ல. வீடு இருளில் கிடந்தது என்று சொல்லமாட்டேன். நகரத்தின் பழைய மின்நிலையம் வழமைபோல, சற்றுக் கூடிய விலைக்கு, விநியோகித்துக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் அந்த இரண்டு வரியும் என்னை விடவில்லை. வங்கியில் கடன் கேட்பவனை விசாரிப்பது விளங்கக்கூடியது. விளக்கெரிக்க மின்சாரம் கேட்பவனின் கடந்தகாலத்தை யார், எப்போதிருந்து விசாரிக்கத் தொடங்கினார்கள்?

காரணத்தைத் தேடி, கடன்தகவல் நிறுவனங்களில் ஒன்றுக்குக் கட்டணம் செலுத்தி என்னைப் பற்றிய பதிவைப் பெற்றேன். அதில் இரண்டு பேர் இருந்தனர். ஒருவர் நான்: ஒரு வங்கிக் கணக்கு, வேறெதுவும் இல்லை. மற்றவர், என் பெயரைக் குடும்பப் பெயராகவும் என் தகப்பனாரின் பெயரை முதற்பெயராகவும் கொண்டு, என் பழைய முகவரியில் வசித்த ஓர் ஆள். 1999இல், கொழும்புக்கு மலிவாகக் கதைக்கலாம் என்று ஒரு தொலைபேசிக் கம்பனியில் சேர்ந்திருந்தேன். அறையிலிருந்த நால்வரும் கதைத்தோம். வந்துபோன நண்பர்களும் கதைத்தார்கள். பில் வந்தபோது கணக்குப் பிழையென்று வாதாடி, பிந்தி, கடைசியில் தவணையில் கட்டி முடித்தோம். அந்தப் பிந்தல் இந்த இரண்டாவது ஆளின் தலையில் எழுதப்பட்டிருந்தது. என் தகப்பனார் 1984இல் ஊரிலேயே காலமானவர். ஜேர்மனியை அவர் கண்டதில்லை. அவருக்கும் இங்கே ஒரு கடன்கோப்பு இருந்தது.

குடும்பப் பெயர் என்ற வழக்கமில்லாத எம்மவரின் பெயர்களை முன்பின்னாகப் புரட்டி எழுதுவது எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான். இதைத் திருத்துவதற்கு நான்கு மாதங்கள் சென்றன. ஆனால் இக்கட்டுரை அந்த முறைப்பாடு பற்றியதல்ல. அதன் பின்னர் தேடி வாசித்தறிந்த ஒரு வரலாறு பற்றியது.

2

மின்சாரம் இயல்பாகவே கடனுக்கு விற்கப்படும் பண்டம். முதலில் எரிக்கிறோம், பிறகு மீற்றரைப் பார்த்துக் காசு கட்டுகிறோம். ஆகவே மின்சாரம் விற்பவருக்கு ஒவ்வொரு வீடும் ஒரு கடனாளி. இந்த ஆபத்தை எதிர்கொள்ள வரலாற்றில் மூன்று வழிகள் கையாளப்பட்டிருக்கின்றன. ஒன்று, காசை முதலில் வாங்குவது. 1890களில் லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் பொருத்தப்பட்ட, சில்லறை போட்டால் மட்டும் எரிவாயு தரும் மீற்றர்கள் இவ்வகையின. இரண்டு, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கட்டாதவர்களால் வரும் நட்டத்தை எல்லோர் மீதும் பரவவிடுவது. மூன்று, கொடுக்குமுன் ஆளை விசாரிப்பது. மூன்றில் எது மேலோங்குகிறது என்பதைப் பொறுத்தே சமூகத்தின் விளிம்பில் நிற்பவனின் நிலை அமைகிறது.

கடனாளியை விசாரிப்பது ஜேர்மனியில் பழைய வழக்கம். 1879இலேயே மைன்ஸ் நகர வணிகர்கள் கடன் கட்டாதோரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் சங்கம் அமைத்திருந்தனர். ஆனால் சாதாரண வீட்டுக்காரரின் கோப்பு பிறந்த இடம் வேறு. அது பிறந்ததே ஒரு மின்நிலையத்தின் மடியில் என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்திய செய்தி.

1920களின் நடுப்பகுதியில் பெர்லின் வீடுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கண்டிருக்கவில்லை. நகரின் மின்நிறுவனமான பெவாக்கிடம் உற்பத்தி செய்யும் ஆற்றல் இருந்தது, வாங்குவோர் போதவில்லை. ஆகவே அது மின்விளக்கு, இஸ்திரிப்பெட்டி, அடுப்பு போன்றவற்றைத் தவணைக்குக் கொடுத்து, தவணைப் பணத்தை மின்சாரப் பில்லோடு சேர்த்து அறவிட்டது. யாருக்குத் தவணைக்குக் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு விடை மின்நிலையத்தின் புத்தகங்களிலேயே இருந்தது: மின்கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுபவர் தவணையையும் கட்டுவார். இந்த அறிவு மற்றைய வியாபாரிகளுக்கும் பயன்படுமென்று கண்டபோது, 1927இல் பெர்லினில் ஷூஃபா என்ற அமைப்பு உருவானது. விற்பனைக் கடனுக்கான பாதுகாப்புச் சமூகம் என்பது அன்று அதன் பெயரின் பொருள். இன்று இந்நாட்டில் வளர்ந்தோரில் மிகப் பெரும்பான்மையோரைப் பற்றிய பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனம் இதுவே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சொத்தோ நகையோ பிணையாக வைக்க இல்லாத தொழிலாளிக் குடும்பம், ஒழுங்காகப் பில் கட்டியது என்ற ஒன்றையே பிணையாக வைத்துப் பொருள் வாங்க முடிந்தது. அந்த அளவில் கோப்பு ஒரு கதவைத் திறந்தது. அன்று மின்சாரப் பில் மனிதரின் நாணயத்துக்குச் சாட்சி சொன்னது. மின்சாரம் பெறுவதற்கே அந்தச் சாட்சி கேட்கப்படும் நிலை பின்னால் வந்தது. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நிகழ்ந்தது?

3

நான் 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்குக்கு வந்தவன். 1986 ஒக்டோபரில் அந்த வழி அடைபடும்வரை எம்மவர் பலர் வந்த பாதை அது. மூன்று வருட முகாம் வாழ்க்கைக்குப் பின் 1988இல் நொய்கோல்னில் நிலக்கரி அடுப்போடு ஓர் அறை கிடைத்தது. கையிலிருந்தது ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கும் தற்காலிகக் கடதாசி. அதோடு மின்சாரம் கேட்கப் போனேன். மேசையிலிருந்த பெண்மணி கேட்டது ஒன்றே ஒன்று: மீற்றரின் இலக்கம். அன்று மாலையே வெளிச்சம் இருந்தது.

அதை நான் நெடுங்காலம் அந்தப் பெண்மணியின் கருணையென்று நினைத்திருந்தேன். அது சட்டம். 1935 டிசம்பரில் இயற்றப்பட்ட மின்வலுப் பொருளாதாரச் சட்டம், ஒரு பிரதேசத்தின் மின்நிறுவனம் அங்குள்ள எவருக்கும் இணைப்பும் விநியோகமும் வழங்க வேண்டுமென்று கடமை விதித்திருந்தது. ஏகபோக உரிமைக்கு விலையாக விதிக்கப்பட்ட கடமை அது. 1988இல் அகதிக்கு விளக்கேற்றிய சட்டம் நாசிகளின் சட்டம் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

அந்தச் சட்டத்தின் ‘எவருக்கும்’ எவ்வளவு தூரம் சென்றது என்பதையும் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. 1939 செப்ரெம்பரில் யூதர்களின் றேடியோக்கள் பறிக்கப்பட்டன. 1940இல் அவர்களின் தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 1942 யூனில் மின்சாதனங்களையும் ஒப்படைக்கும்படி கட்டளை வந்தது. தவணை ஒழுங்காகக் கட்டி முடித்த இஸ்திரிப்பெட்டியும் அதற்குள் அடக்கம். நாணயமாக நடந்ததற்கான எந்தப் பதிவும் அவர்களைக் காக்கவில்லை. நல்ல சட்டவரி நல்ல அரசுக்கு உத்தரவாதமல்ல. அதேவேளை, சர்வாதிகாரம் விட்டுச் சென்ற வரியாயினும், குடியரசு ஒன்றின் கையில் அது ஏழைக்குப் பயன்பட்டது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

4

1998இல் மின்சந்தை திறந்துவிடப்பட்டது. விரும்பிய கம்பனியைத் தெரிவுசெய்யும் உரிமை வாடிக்கையாளருக்கு வந்தது. வாடிக்கையாளரைத் தெரிவுசெய்யும் உரிமை கம்பனிக்கும் வந்தது. விளம்பரங்கள் முதலாவதைப் பற்றியே பேசின. விநியோகக் கடமை அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பகுதியில் அதிக வீடுகளுக்கு விநியோகிக்கும் நிறுவனம் அங்குள்ள வீட்டுக்காரருக்கு ‘அடிப்படை விநியோகம்’ வழங்கியாக வேண்டும். நிலுவை நூறு யூரோவை எட்டுமுன் அந்த நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கவும் முடியாது. ஆனால் அடிப்படை விநியோகத்தின் விலை பொதுவாகக் கூட. கோப்புச் சுத்தமானவர் மலிவான ஒப்பந்தத்தைப் பெறுகிறார். கோப்பு அழுக்கானவரும் கோப்பே இல்லாதவரும் கூடிய விலை கட்டுகின்றனர். வறுமைக்கு விதிக்கப்படும் ஒருவகை வரி எனலாம். (2021 இறுதியில் எரிபொருள் விலை ஏறியபோது மலிவுக் கம்பனிகள் சில விநியோகத்தை நிறுத்தின. கைவிடப்பட்டவர்கள் வந்து சேர்ந்தது இதே அடிப்படை விநியோகத்திடம்தான்.)

கோப்பே இல்லாதவர் என்று சொன்னேன். அகதியின் நிலை இதுதான். அரசிடம் அவனைப் பற்றிய கோப்பு தடித்தது: கைரேகை, விசாரணை வாக்குமூலம், 1953இலிருந்து பேணப்படும் வெளிநாட்டவர் மத்திய பதிவேடு. 1983இல் இந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், தன்னைப் பற்றிய தகவல் மீது தனிமனிதருக்குள்ள உரிமையைக் குடிசன மதிப்பு வழக்கில் நிலைநாட்டியது. அடுத்த ஆண்டுகளில் வந்திறங்கிய நாம், ஒவ்வொரு தகவலையும் கொடுத்தே உள்ளே வர வேண்டியிருந்தது. அரசு எம்மைப் பற்றி எல்லாம் அறிந்திருந்தது. சந்தை எம்மைப் பற்றி எதையும் அறியவில்லை. இரண்டுமே எமக்கு எதிராக இருந்தன.

ஆளைப் பற்றித் தெரியாதபோது கணக்கிடும் இயந்திரம் வேறெதையோ பார்க்கிறது. அவன் வசிக்கும் தெரு எப்படி, அயலவர் கடன் கட்டுகின்றனரா என்று பார்க்கிறது. முகவரியை மட்டும் வைத்து ஒருவரை மதிப்பிடுவதை 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் தடைசெய்தது. தடைசெய்ய வேண்டிய அளவுக்கு அது பிரச்சினையாகியிருந்தது என்பதே இதன் அர்த்தம்.

5

இந்த இடத்தில் நாம் வெள்ளைக்காரனின் இயந்திரத்தைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். அது நேர்மையாகாது.

வங்கிகள் எம்மை ஏறெடுத்தும் பாராத காலத்தில் எம்மவர் மத்தியில் சீட்டு இருந்தது. கடதாசி இல்லை, கையொப்பம் இல்லை. வாய்வார்த்தையில் ஆயிரக்கணக்கான மார்க் கைமாறியது. கடைகள் முளைத்ததும், ஊரிலிருந்து தம்பிமார் வந்ததும், தங்கைமார் கரைசேர்ந்ததும் சீட்டுக் காசில்தான். அந்த நம்பிக்கையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவதுண்டு. 1991இல் நானும் ஒரு சீட்டில் சேர்ந்தேன். சீட்டைப் பிடித்த அண்ணர் என்னிடம் சம்பளச் சிட்டை கேட்கவில்லை. “தம்பி ஊரில எவடம்?” என்றார். சொன்னேன். “எந்தக் கோயிலடி?” என்றார். அதையும் சொன்னேன். முகம் மலர்ந்தது.

அடுத்த கிழமை என்னோடு உணவகத்தில் பாத்திரம் கழுவிய நண்பனைக் கூட்டிச் சென்றேன். அதே இரண்டு கேள்விகள். பதிலைக் கேட்டதும் ஆட்கள் நிரம்பிவிட்டதாகச் சொன்னார். பின்னர் தனியே மறித்து, அவன் என்னைவிட ஒழுங்கானவன் என்று வாதாடினேன். அண்ணர் கோபிக்கவில்லை. “உமக்கு ஆளைத் தெரியும். எனக்கு இடத்தைத் தெரியும்” என்றார்.

முகவரியை வைத்து ஆளை எடைபோடும் வித்தையைக் கணனி எமக்குக் கற்பிக்கவில்லை. ஊரும் கோயிலும் கேட்டுச் சாதியை அறியும் எமது விசாரணைக்கு எந்தச் சட்டத் திருத்தமும் வரவில்லை. தன் பதிவைக் காட்டும்படி கேட்கும் உரிமையும் என் நண்பனுக்கு இருக்கவில்லை. இடத்தை வைத்துத் தீர்ப்பளிப்பதன் கொடுமையை நாம் அறியாதவர்களுமல்ல. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே மின்சாரமின்றி வருடக்கணக்காகக் கிடந்தது. ஜாம்போத்தல் விளக்கில் எழுதிய கடிதங்கள் எமக்கு வந்துகொண்டிருந்தன. அங்கே தனித்தனியாக எவரும் விசாரிக்கப்படவில்லை. வசித்த இடமே குற்றமாக இருந்தது. அந்தக் கடிதங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அந்தச் சீட்டில் நான் தொடர்ந்து இருந்தேன். என் நண்பனுக்காக நான் விலகவில்லை என்பதையும் இங்கே பதிகிறேன்.

6

2023 டிசம்பர் 7ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், கடன் மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், ஒரு முக்கிய தீர்ப்பை வழங்கியது. தகவல் நிறுவனம் கணித்துக் கொடுக்கும் புள்ளியே முடிவைப் பெருமளவில் தீர்மானிக்குமானால், அந்தக் கணிப்பே இயந்திரம் எடுத்த முடிவாகும். அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. தன்னைப் பற்றிய பதிவை இலவசமாகக் கேட்டுப் பெறும் உரிமையும் இன்று எவருக்கும் உண்டு. எம்மவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் தகப்பனாரும் அங்கே இருக்கக்கூடும்.

ஆயினும் பதிவைத் திருத்தும் உரிமையோடு இந்த விவாதம் முடிந்துவிடுவதாக நான் கருதவில்லை. சில பண்டங்களுக்கு விசாரணையே இருக்கக்கூடாது என்பது எனது நிலைப்பாடு. வெளிச்சம், தண்ணீர், குளிர்காலத்து வெப்பம் ஆகியவை கேட்பவனின் கடந்தகாலத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டியவை அல்ல. அவை ஒரே விலைக்குக் கிடைக்க வேண்டும். அப்படியானால் கட்டாதவர்களின் நட்டத்தை யார் சுமப்பது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து சுமப்பதே என் பதில். 1988இல் எனக்காக முகமறியாத பெர்லின்காரர்கள் அந்த ஆபத்தைச் சுமந்தார்கள். நான் ஒரு பில்லையும் தவறவிடவில்லை. ஆனால் அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்த நிலைப்பாட்டை எமது சீட்டுகளுக்கும் சங்கங்களுக்கும் எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்பது விவாதத்திற்குரியது. மாற்றுக் கருத்துள்ளோர் எழுத வேண்டும்.