கழற்றி மாட்டும் பாய்மரம்: புறநானூறு முதல் கட்டுமரம் வரை

புறநானூற்றின் 30ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. அதில் புகாருக்கு ஒரு பெருமை வருது. பெரிய கப்பல்கள் கூம்பையும் (பாய்மரம்) மேல்பாயையும் கழற்றாமலே, பாரத்தைக் குறைக்காமலே ஆற்று முகத்துக்குள் வந்துவிடுமாம்.

இதை ஏன் பெருமையா சொல்லணும்? மற்ற இடங்களில் கழற்ற வேண்டியிருந்தது என்றுதான் நான் படிக்கிறேன். எங்க முடிச்சூர் பக்கம் ஓடுற அடையாற்றையே பாருங்க. கடலில் சேருமிடத்தில் மணல்திட்டு அடைச்சுக்கும். சோழமண்டலக் கரையில் பல முகத்துவாரங்களின் கதை இதுதான்.

பெரிய கப்பலில் ஆள்பலம் உண்டு. ஒரே ஆள் போகும் சின்னப் பாய்ப்படகில்?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். பாய்மரம் 6 மீட்டர், 20 கிலோ, அடியில் கீல். படுத்திருக்கும் மரத்தின் நுனியைத் தூக்க 10 கிலோ விசை போதும். ஆனா கொஞ்சம் எழுந்ததும் நுனி கைக்கு எட்டாது. படகின் முன்முனையிலிருந்து நுனிக்குக் கயிறு கட்டி இழுத்தால்? கயிறும் மரமும் ஒரே கோட்டில் கிடக்கும். எவ்வளவு இழுத்தாலும் அடிதான் அழுந்தும், மரம் எழாது.

இதுக்கு இன்றைய பாய்ப்படகுக்காரர்கள் செய்வது இது. மரத்தின் அடியில், அதற்குச் செங்குத்தாக 2 மீட்டர் கம்பு ஒன்றை நிறுத்துவாங்க. கம்பின் உச்சியிலிருந்து ஒரு கயிறு மரத்தின் நுனிக்கு, இன்னொன்று முன்முனைக்கு. முன்முனை 3 மீட்டர் தள்ளி இருந்தால், தொடக்கத்தில் சுமார் 36 கிலோ விசை வேணும். நாலு மடங்கு கப்பி போட்டால் 9 கிலோ, உராய்வுக்குக் கொஞ்சம் கூட. மரம் எழ எழ இழுவை குறையும். இறக்கும்போது அதே கயிறைப் பிடித்துப் பிடித்து விடணும். பக்கவாட்டில் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு கட்டணும்.

கட்டுமரம் கண்ட தீர்வு இன்னும் எளிது: பாய்மரத்தையே சின்னதா, லேசா வைத்துக்கொண்டது. கரையில் அலை உடையும் இடத்தைத் துடுப்புப் போட்டுக் கடந்த பிறகுதான் பாய்க்கு வேலை. கரை திரும்பினால் பாய், பாய்மரம் மட்டுமல்ல, கட்டைகளையே அவிழ்த்துக் காயப் போடுவாங்க.

புகாருக்குத் துறைமுகம் பெருமை. துறைமுகமே இல்லாத கரையில் பிழைப்பு நடந்ததுக்குக் காரணம், எல்லாத்தையும் கழற்ற முடிந்ததுதான்.

எஞ்சின் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் இன்னும் பெருகின. பாய் போனதோட, அதை ஏற்றி இறக்கும் கைப்பழக்கமும் போய்க்கிட்டிருக்கு. மீனவர் குடும்பங்களில் அது தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே வீடியோவில் பதிவு செய்துடணும்.