பாடமாக்காத நாடகம்

இன்றைய உரையை என் பிழையொன்றை ஒப்புக்கொள்வதோடு தொடங்குகிறேன். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கென ஒரு சரித்திர நாடகம் பழக்கினேன். பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் காவலாளி வேடம். அவனுக்கு இருந்தது ஒரேயொரு வசனம். பகைவர் கோட்டை வாயிலை அடைந்துவிட்டனர் என்று அரசனுக்கு அறிவிக்க வேண்டும். ஒன்றரை மாதம் அதைப் பாடமாக்கினான். விழாவன்று மேடைக்கு ஓடிவந்து அரசன் முன் நின்றவனுக்கு வசனம் மறந்துபோயிற்று. ஒரு கணம் விழித்தான். பிறகு நெஞ்சில் கையை வைத்து, "கொஞ்சம் பொறுங்கோ மன்னா, ஓடிவந்ததில மூச்சு வாங்குது" என்றான். சபை மகிழ்ந்து சிரித்தது. திரை மறைவில் நின்ற நான், "பாடமாக்கினதைச் சொல்லடா!" என்று அதட்டினேன். ஒலிவாங்கி அருகில் இருந்தபடியால் என் அதட்டல் மண்டபம் முழுவதும் கேட்டது. சிறுவன் வசனத்தைச் சொல்லி முடித்தான். அடுத்த ஆண்டு நாடகத்துக்கு அழைத்தபோது, "எனக்கு ஏலாது சேர்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

அன்று நான் செய்தது இன்னதென்று விளங்க எனக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. அதை விளங்க வைத்தது நூலகமொன்றில் தற்செயலாகக் கைக்கு வந்த ஒரு நூல். வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய அந்த நூல், எழுத்துரு இல்லாமல் அந்தந்தக் கணத்தில் ஆக்கி நடிக்கும் நடிப்பைப் பற்றியது. 1963 இல் வெளியானது. அதனுள்ளே இருநூறுக்கு மேற்பட்ட விளையாட்டுக்கள் இருக்கின்றன. அவற்றின் வேரைத் தேடிப் போனால் நாம் சென்று சேருமிடம் பெரிய நாடகசாலை எதுவுமல்ல. சிக்காகோ நகரின் ஏழைத் தெருவொன்றில் இருந்த ஒரு வீடு. அந்த வீட்டின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1889 ஆம் ஆண்டு ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்ற இரு பெண்கள் சிக்காகோவின் ஹோல்ஸ்ரெட் வீதியில் ஹல் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் குடியேறினார்கள். இலண்டனில் 1884 இல் தோன்றிய ரொயின்பி ஹோல் என்ற சமூக இல்லமே அவர்களுக்கு முன்மாதிரி. படித்தவர்கள் ஏழைகளுக்குத் தூரத்தில் இருந்து தருமம் செய்யாமல், அவர்களுடைய அயலிலேயே குடியிருந்து பணி செய்ய வேண்டும் என்பது கொள்கை. அந்த அயலோ பல நாட்டு மக்கள் வந்து குவிந்த இடம். இத்தாலியர், கிரேக்கர், ஜேர்மனியர், ருஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர், பின்னாளில் மெக்சிக்கர் எனப் பலரும் அங்கே நெருங்கி வாழ்ந்தனர். தகப்பனின் மொழி ஒன்று, தெருவின் மொழி இன்னொன்று, பாடசாலையின் மொழி வேறொன்று.

மாளிகையைச் சுற்றிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. காலப்போக்கில் அவை 13 ஆயின. பாலர் பாடசாலை, நூலகம், உடற்பயிற்சிக்கூடம், இசைப்பள்ளி ஆகியவற்றுடன் நாடக மேடையும் அங்கே இருந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கிளாரினெற் கலைஞர் பெனி குட்மன், சிறுவனாக இருந்தபோது ஹல் ஹவுஸ் வாத்தியக் குழுவில் பயின்றவர்தான். 1909 இல் ஜேன் அடம்ஸ் இளைஞரும் நகரத் தெருக்களும் பற்றி ஒரு நூல் எழுதினார். நகரம் பிள்ளைகளின் உழைப்பை வாங்கிக்கொள்கிறது, ஆனால் அவர்கள் விளையாட இடம் கொடுப்பதில்லை என்பது அதில் அவருடைய முறைப்பாடு. ஐந்து சத மலிவுக் காட்சிகளுக்குப் பிள்ளைகள் மொய்த்ததைக் கண்டு அவர் முகஞ்சுளித்து நின்றுவிடவில்லை. கற்பனைக்குத் தவித்த பிள்ளைகளின் பசியாக அதைக் கண்டார். 1931 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் இன்னொருவருக்குமாகப் பகிர்ந்து வழங்கப்பட்டது. 1935 இல் அவர் காலமானார்.

இந்த வீட்டில்தான் நேவா போய்ட் என்ற ஆசிரியை விளையாட்டையே ஒரு கல்வியாகப் போதித்து வந்தார். நாட்டார் ஆடல்களையும் குழு விளையாட்டுக்களையும் தேடித் திரட்டி, சமூகப் பணிக்கு வரும் இளையோருக்கு அவற்றைக் கற்பித்தார். 1920 களின் நடுப்பகுதியில் அவரிடம் பயில வந்தவர்களுள் ஒருவரே வயோலா ஸ்போலின். ஸ்போலின் 1906 இல் சிக்காகோவில், ருஷ்ய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். விளையாடும் பிள்ளை விதிக்குக் கட்டுப்படுகிறது. ஆனால் அதை அதட்டி யாரும் கட்டுப்படுத்தவில்லை. விளையாட்டின் ஆசையே கட்டுப்படுத்துகிறது. போய்டிடம் ஸ்போலின் பெற்ற பெரும் பாடம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலையற்றோருக்கு வேலை கொடுக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் அரசாங்கம் 1935 இல் பெரிய வேலைத் திட்டமொன்றை ஆரம்பித்தது. வீதியும் பாலமும் கட்டிய அதே திட்டத்தின் பணம் நாடகத்துக்கும் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்கும் சென்றது. அதன் நாடகப் பிரிவு அரசியல் ஐயத்துக்கு உள்ளாகி, 1939 இல் அமெரிக்கப் பாராளுமன்றம் பணத்தை நிறுத்தியதால் மூடப்பட்டது. பொழுதுபோக்குப் பிரிவு தொடர்ந்தது. அந்தப் பிரிவின் சிக்காகோக் கிளையில் 1939 முதல் 1941 வரை நாடக மேற்பார்வையாளராக இருந்தவர் ஸ்போலின்.

அவர் முன் இருந்த சிக்கலை நினைத்துப் பாருங்கள். மேடையைக் கண்டிராத பிள்ளைகளும் வளர்ந்தோரும் வருகிறார்கள். ஒருவருக்குத் தெரிந்த மொழி மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. எழுத்துருவைக் கொடுத்தால் வாசிக்கத் தெரிந்தவன் உயர்ந்துவிடுவான், மற்றவன் கூசி ஒதுங்குவான். விரிவுரை செய்தால் தூங்கிவிடுவார்கள். போய்டிடம் கற்ற விளையாட்டை ஸ்போலின் கையில் எடுத்தார்.

கயிறிழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரு அணிகள் நிற்கின்றன, கயிறு மட்டும் இல்லை. இல்லாத கயிற்றை இருப்பதாகப் பற்றி இழுக்க வேண்டும். "பாரமான பொருளை இழுப்பவனைப் போல நடி" என்று சொன்னால் பிள்ளை முகத்தைக் கோணலாக்கும். "கயிற்றை விட்டுவிடாதே" என்று சொன்னாலோ அதன் கால்கள் தாமாகவே நிலத்தில் ஊன்றும். இன்னொன்று கண்ணாடி. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் செய்வதை மற்றவர் பிம்பமாகச் செய்கிறார். சற்று நேரத்தில் யார் தொடங்கினார், யார் தொடர்ந்தார் என்பது பார்ப்பவருக்குத் தெரியாமற் போகும். வேறொன்றில் பொருளற்ற ஒலிகளாலேயே உரையாட வேண்டும். மொழி தெரியாதவனும் தெரிந்தவனும் அங்கே சரிசமம்.

விளையாட்டு நடக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் நின்று குரல் கொடுக்கிறார். "கயிற்றைப் பார்!" "எங்கே நிற்கிறாய் என்பதைக் காட்டு!" என்ற அளவில்தான் அந்தக் குரல் இருக்கும். நன்று, நன்றல்ல என்ற தீர்ப்பு அதில் இல்லை. பாராட்டுக்கு ஏங்குவதும் கண்டனத்துக்கு அஞ்சுவதும் ஒரே நோயின் இரு பக்கங்கள் என்பது ஸ்போலினின் துணிபு. ஆசிரியரின் முகத்தைப் பார்த்து நடிக்கும் பிள்ளை, எதிரே நிற்கும் சக நடிகனைப் பார்ப்பதை விட்டுவிடுகிறது.

இந்தப் பகுதியை வாசித்தபோது நூலை மூடிவைத்தேன். நானும் ஒருநாள் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தவன்தானே! அந்தச் சிறுவன் கோட்டை வாயிலில் இருந்து ஓடிவந்த காவலாளியாகவே நின்றிருந்தான். அவனுக்கு மெய்யாகவே மூச்சு வாங்கியது. என் குரல் அவனைக் காவலாளி நிலையிலிருந்து இறக்கி, பாடம் மறந்த மாணவனாக்கியது. எங்கள் இசை நாடக மேடையில் பபூன் வேடக்காரர் சபையின் முகம் பார்த்து, அந்தந்த இடத்தில் பேச்சைப் புனைவதை இரசித்து வளர்ந்தவன் நான். பெரியவருக்குக் கொடுத்த அந்த உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

கதையைத் தொடர்வோம். 1946 இல் ஸ்போலின் ஹொலிவூட்டில் இளம் நடிகர் குழுவொன்றை நிறுவினார். ஆறு வயதுப் பிள்ளைகளும் அதில் சேரலாம். 1955 வரை அதை நடத்தினார். சினிமா கோலோச்சிய ஊரில், பிள்ளைகளை நட்சத்திரங்களாக்காத ஒரு சிறிய அரங்கு! அங்கே சிறுவனாகப் பயின்ற போல் சாண்ட், நாட்டார் கதைகளை மேடையேற்றிய தயாரிப்பு ஒன்றில் நடித்து 1971 இல் ரோனி விருது பெற்றார். அதை நெறிப்படுத்தியவர் ஸ்போலினின் மகன் போல் சில்ஸ்.

தாய் பிள்ளைகளுக்காக ஆக்கிய விளையாட்டை மகன் வளர்ந்த நடிகர்களிடம் கொண்டுசென்றார். 1955 யூலையில், சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் அயலில் இருந்த மதுச்சாலையொன்றில், டேவிட் ஷெப்பர்ட் என்பவரும் போல் சில்ஸும் கொம்பஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். சபையோர் ஒரு பொருளைச் சொல்ல, நடிகர்கள் அதைக் காட்சியாக்கினர். மைக் நிக்கொல்ஸ், இலேன் மே ஆகியோர் அங்கிருந்து புகழுக்கு வந்தவர்கள். 1959 டிசெம்பர் 16 ஆம் திகதி போல் சில்ஸ் வேறு இருவருடன் சேர்ந்து 'செக்கண்ட் சிற்றி' என்ற அரங்கைத் திறந்தார். நியூயோர்க் எழுத்தாளர் ஒருவர் சிக்காகோவை இரண்டாம் நகரமென்று எள்ளி எழுதியிருந்தார். அந்த ஏளனத்தையே அவர்கள் பெயராகச் சூடிக்கொண்டனர். ஸ்போலின் அங்கே வந்து நடிகர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று உலகின் பல நகரங்களில் நடக்கும் உடனாக்க நகைச்சுவை அரங்குகளில் பல, தாம் அறிந்தோ அறியாமலோ, அந்த ஏழைத் தெருப் பிள்ளைகளின் விளையாட்டையே விளையாடுகின்றன. நகைச்சுவை நடிகர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளோடு தரையில் அமர்ந்திருந்த ஆசிரியைகளின் பெயர்களைச் சிலரே அறிவர்.

1963 ஆம் ஆண்டுக்கு மீண்டும் வருகிறேன். ஸ்போலினின் நூல் வெளியான அதே ஆண்டில், அதன் முகப்பில் நன்றி கூறப்பட்ட நேவா போய்ட் காலமானார். அதே ஆண்டில் ஹல் ஹவுஸ் கட்டடங்களும் இடிக்கப்பட்டன. இலினோய் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்துக்கு நகர சபை அந்த நிலத்தைத் தெரிவுசெய்திருந்தது. அயலில் பிறந்து வளர்ந்த புளோரன்ஸ் ஸ்காலா என்ற பெண்மணியின் தலைமையில் மக்கள் எதிர்த்தனர். நீதிமன்றம் வரை சென்றும் வெல்ல முடியவில்லை. பழைய மாளிகையும் உணவு மண்டபமும் மட்டும் எஞ்சின. அவை பின்னர் நூதனசாலையாயின. ஹல் ஹவுஸ் பெயரில் வேறிடங்களில் பணியைத் தொடர்ந்த சங்கமும் பண நெருக்கடியால் 2012 ஜனவரியில் மூடப்பட்டது. ஸ்போலின் 1994 நவம்பரில் காலமானார். போல் சில்ஸ் 2008 இல் மறைந்தார்.

நூலை வாசித்த பின்னர் நானும் ஊர் வாசிகசாலை மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைச் சேர்த்து இந்த விளையாட்டுக்களை நடத்தினேன். கதிரைகளை ஓரமாக அடுக்குவோம், கயிறில்லாத கயிற்றை இழுப்போம். மாத முடிவில் பெற்றோர் வருவர், ஒரு பொருளைச் சொல்வர், பிள்ளைகள் நடிப்பர். சங்கக்கடை வரிசை, பஸ்ஸைத் தவறவிட்டவர், ஆச்சியின் மூக்குக்கண்ணாடி என்றெல்லாம் பொருள் வரும். அனுமதிச்சீட்டில்லை, பரிசில்லை, முதலாமிடம் இல்லை. "பரிசில்லாவிட்டால் பிள்ளை என்னத்துக்கு வரவேணும்?" என்று கேட்ட தகப்பன்மாரும் உண்டு. இரண்டு ஆண்டுகள் நடந்தது. பின்பு மண்டபம் வேறு தேவைக்குப் போயிற்று, நாங்களும் கலைந்துபோனோம். சிறு அரங்குகளின் ஆயுள் பெரும்பாலும் அவ்வளவுதான். பிறர் தரும் இடத்திலும் நேரத்திலுமே அவை உயிர் வாழ்கின்றன.

நேயர்களே, அந்தக் காவலாளியைப் பிறகு சந்தித்தேன். நரை கண்ட தலையோடு, மகளின் கையைப் பிடித்தபடி பஸ் தரிப்பில் நின்றார். என்னை அடையாளம் கண்டு பணிவாகக் கதைத்தார். நான் பல ஆண்டுகள் சுமந்து திரிந்ததைச் சொன்னேன். "தம்பி, அன்று நீர் சொன்ன வசனந்தான் அந்த நாடகத்திலேயே நல்ல வசனம்" என்றேன். அவர் சற்று யோசித்தார். தான் என்ன சொன்னார் என்பது அவருக்கு நினைவில்லையாம். திரை மறைவிலிருந்து வந்த என் சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம். நான் அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.