கச்சா எண்ணெய்க்குச் செய்த சல்லடை

புற்றுநோய்க் கட்டிவரை மருந்தைச் சுமந்துபோகும் என்று எதிர்பார்க்கப்படும் நுண்துளைச் சிலிக்கா துகளின் பூர்வீகம் ஆஸ்பத்திரி அல்ல, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. கச்சா எண்ணெயின் மூலக்கூறுகளை உடைக்க ஆலைகள் நம்பியிருந்த ஜியோலைட் என்ற நுண்துளைப் பொருளின் துளை சுமார் ஒரு நானோமீட்டர்தான். பருத்த மூலக்கூறுகள் வாசலிலேயே நின்றுவிட்டன. அகன்ற துளையைத் தேடிய மொபில் நிறுவன வேதியியலாளர்கள் 1992இல் ‘நேச்சர்’ இதழில் எம்சிஎம்-41 என்ற நுண்துளைச் சிலிக்காவை அறிவித்தார்கள்.

செய்முறை அழகானது. தலைமுடிக் கண்டிஷனர்களில் சேரும் வகையைச் சேர்ந்த ஒரு வேதிப்பொருள், தண்ணீரில் தானாகவே நுண்ணிய உருளைகளாகத் திரளும். அவற்றைச் சுற்றிச் சிலிக்கா படிந்து இறுகியதும் உலையில் சுட வேண்டும். சிலை வார்ப்பில் மெழுகு உருகி ஓடிய இடம் வெற்றிடமாவதுபோல, உள்ளிருந்தது எரிந்துபோய்த் தேன்கூடாகத் துளைகள் மிஞ்சும். ஒரு கிராம் தூளின் உட்பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். 25 சென்ட் நிலம் ஒரு சிட்டிகைக்குள் மடிந்து கிடக்கிறது!

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. விளக்கு தயாரிப்பில் பெயர்பெற்ற சில்வேனியா நிறுவனத்தார் 1969இலேயே லேசான சிலிக்கா ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்தச் செய்முறையை அப்படியே திரும்பச் செய்து பார்த்தபோது கிடைத்தது எம்சிஎம்-41தான் என்று 1997இல் தெரிந்தது. துளைகளின் அருமை தெரியாமலே அந்தப் பொருள் அத்தனை ஆண்டுகள் காகிதத்தில் கிடந்திருக்கிறது.

மருந்தை உள்ளே வைத்தவர் மாட்ரிட்டின் ஆய்வாளர் மரியா வாயெட்-ரெஹி. அவரது குழு 2001இல் வலிநிவாரணி இபுப்ரோஃபெனைத் துளைகளில் நிரப்பியது. உடல் திரவத்தை ஒத்த கரைசலில் அது மெல்ல மெல்லக் கசிந்தது.

ஆனால் வழியெல்லாம் கசியும் பாத்திரம் இலக்கைத் தேடிப்போக உதவாது. மூடி வேண்டும். 2003இல் ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விக்டர் லின் குழு காட்மியம் சல்ஃபைடு துகள்களால் துளைவாய்களை அடைத்தது. அடைப்பைப் பிடித்திருந்தது கந்தகப் பிணைப்பு. அதை அறுக்கும் வேதிப்பொருள் சேர்ந்தால் மட்டுமே கதவு திறந்தது. அப்படிப்பட்ட பொருள்கள் உயிரணுவுக்குள் இயல்பாகவே நிறைந்திருப்பதுதான் இந்த யோசனையின் உயிர்நாடி. காட்மியம் நஞ்சு என்பதால் பிறகு இரும்பு ஆக்சைடு, தங்கத் துகள்கள் மூடிகளாயின.

உடலோ அவ்வளவு எளிதில் வழிவிடவில்லை. பலவகை நானோ துகள்கள் பற்றிய பத்தாண்டு ஆய்வுகளை 2016இல் டொரன்டோ ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். ஊசியில் செலுத்தியதில் புற்றுக்கட்டியைச் சேர்ந்தது இடைநிலை அளவில் 0.7 சதவீதமே. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடிகட்டிவிடுகின்றன. எண்ணெய்க்குச் சல்லடை செய்யப்போய்ப் பிறந்த துகள், உடலின் சல்லடையில் சிக்கிக்கொள்கிறது.

அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில் இலக்கும் இல்லை, மூடியும் இல்லை. தண்ணீரில் எளிதில் கரையாத கொழுப்புக் குறைப்பு மருந்து ஃபெனோஃபைப்ரேட்டை, ஒழுங்கான துளைகள் கொண்ட சிலிக்காவில் ஏற்றி ஆரோக்கியமான 12 பேருக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். கடையில் விற்கும் வடிவத்தைவிட அது விரைவாகவும் கூடுதலாகவும் ரத்தத்தில் கலந்தது.