புனைகதை ரோபோக்களின் உணர்வுநிலை வகைப்பாடு: ஒரு வரலாறு

புனைகதை ரோபோக்களின் உணர்வுநிலை வகைப்பாடு என்பது, நாடகம், கதை, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் வரும் ரோபோக்கள், மனித உருவ ஆண்ட்ராய்டுகள், செயற்கை நுண்ணறிவுகள் ஆகியவற்றை, அவை எந்த அளவுக்கு உணர்வுடையவை என்பதைக் கொண்டு படிநிலைப்படுத்துவதாகும். இதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. கடந்த நூறு ஆண்டுகளில் வெளிவந்த முக்கியமான படைப்புகள் பலவும் தமக்கென ஓர் அளவுகோலை வைத்திருந்தன. அந்த அளவுகோல்கள் எப்படி மாறின என்பதே இக்கட்டுரையின் பொருள். ஓர் இயந்திரத்தை விற்கலாமா, பிரித்து ஆராயலாமா, அதன் நினைவை அழிக்கலாமா என்பதைக் கதைக்குள் முடிவு செய்வது, அது எந்தப் படியில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே. எனவே படியைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியும் இந்த வரலாற்றில் சேர்ந்தே வருகிறது.

சொற்களின் வேறுபாடு

இத்துறையில் நான்கு சொற்கள் அடிக்கடி ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. வலி, இன்பம் போன்றவற்றை உள்ளூர அனுபவிக்கும் தன்மை உணர்வுடைமை. கணக்கிடுதல், திட்டமிடுதல், புதிய சூழலுக்கு விடை காணுதல் ஆகியவை அறிவுத்திறன். 'நான்' என்று தன்னைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிவது தன்னறிவு. உரிமைகளும் பொறுப்புகளும் உடைய ஒருவராகச் சட்டமும் சமூகமும் ஏற்றுக்கொள்வது ஆள்தன்மை. ஒரு சதுரங்க நிரலுக்கு அறிவுத்திறன் உண்டு என்று சொல்லலாம். அதற்கு வலிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நாய்க்குட்டிக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் அதற்கு வலிக்கும். புனைகதைகளில் 'உணர்வுள்ள இயந்திரம்' என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த நான்கில் எது குறிக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழைய படிநிலைகள்

உயிர்களைப் படிகளாக அடுக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், செடிகளுக்கு வளரும் ஆற்றலும், விலங்குகளுக்கு அதனுடன் புலனறியும் ஆற்றலும், மனிதருக்கு அவ்விரண்டுடன் பகுத்தறியும் ஆற்றலும் உண்டு என்றார். தொல்காப்பியத்தின் மரபியல் தொடுவுணர்வில் தொடங்கி, சுவை, மணம், பார்வை, கேள்வி என ஏறி, மனத்தை ஆறாம் அறிவாக வைக்கிறது. இரண்டு ஏணிகளிலும் உணர்வு சிந்தனைக்குக் கீழே இருக்கிறது. சிந்தனை உச்சியில் இருக்கிறது. அடிப்படியில் ஏறாமல் உச்சியை அடைய வழியில்லை.

இயந்திரத்தை இந்த ஏணியோடு ஒப்பிட்டவர்களுள் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த் குறிப்பிடத்தக்கவர். மனிதனைப் போலவே தோன்றும் இயந்திரம் ஒன்று இருந்தால், அதை அடையாளம் காண இரண்டு வழிகள் உண்டு என்று 1637இல் அவர் எழுதினார். கேட்டதற்கெல்லாம் பொருத்தமாகச் சொற்களை அமைத்து விடை கூற அதனால் இயலாது. மேலும், சில வேலைகளைச் சிறப்பாகச் செய்தாலும் எல்லாச் சூழலுக்கும் ஈடுகொடுக்க அதனால் இயலாது. இவ்விரண்டு தேர்வுகளுமே அறிவைச் சோதிப்பவை. வலியைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. 1789இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜெரமி பெந்தாம், விலங்குகளைப் பற்றி எழுதும்போது, அவற்றால் பேச முடியுமா, பகுத்தறிய முடியுமா என்பதைவிடத் துன்புற முடியுமா என்பதே முக்கியம் என்றார். பிற்கால ரோபோ கதைகள் தெக்கார்த்தின் பக்கத்துக்கும் பெந்தாமின் பக்கத்துக்கும் மாறி மாறிச் சென்றன.

சாப்பெக்கின் தலைகீழ் ஏணி

'ரோபோ' என்ற சொல்லை உலகுக்கு அளித்தது செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' நாடகம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து இது பிறந்தது. இப்பெயரைப் பரிந்துரைத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். இந்நாடகத்தின் ரோபோக்கள் இரும்பாலானவை அல்ல. செயற்கை உயிர்ப்பொருளால் ஆன, மனிதரைப் போன்றே தோன்றும் உழைப்பாளிகள். அவற்றுக்கு அறிவும் நினைவாற்றலும் உண்டு. ஆசையும் அச்சமும் இல்லை. பழைய ஏணியின் உச்சிப்படி இருக்க, அடிப்படி வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. உழைப்புக்குத் தேவையில்லாதவை அவை என்று தொழிற்சாலை கருதியதே காரணம்.

நாடகத்தில் ஒரு கட்டம் இந்த வரலாறு முழுமைக்கும் திறவுகோலாக அமைகிறது. சில ரோபோக்கள் திடீரென்று வேலையை நிறுத்தி, பற்களைக் கடித்து நின்றுவிடுகின்றன. அது உற்பத்திக் கோளாறு என்பது தொழிற்சாலையின் முடிவு. அத்தகைய ரோபோ நொறுக்கப்படுகிறது. பார்வையிட வந்த ஹெலெனாவோ அது ஆன்மாவின் அடையாளம் என்கிறாள். இருவரும் பேசுவது ஒரே செயலைப் பற்றி. அதற்கு அவர்கள் தரும் வகைப்பாடு வேறு. பின்னர் ரோபோக்களுக்கு வலியுணர்வு தரும் முயற்சியும் நடக்கிறது. அதற்குக் காரணம் இரக்கமன்று. வலி தெரியாததால் அவை தம் உடலைத் தாமே சேதப்படுத்திக்கொள்கின்றன, அது நிறுவனத்துக்கு இழப்பு. நாடகத்தின் இறுதியில் இரண்டு ரோபோக்கள் ஒன்றுக்காக ஒன்று சாக முன்வருகின்றன. எஞ்சியிருக்கும் ஒரே மனிதன் அதைக் கண்டு அவற்றைப் புதிய ஆதாம், ஏவாளாக ஏற்கிறான்.

அசிமோவ்: விதியிலிருந்து விருப்பத்துக்கு

ஐசக் அசிமோவ் 1942இல் வெளியான 'ரன்அரவுண்ட்' கதையில் ரோபோவியலின் மூன்று விதிகளை முழுமையாக வகுத்தார். மனிதருக்குத் தீங்கு செய்யாமை, கட்டளைக்குக் கீழ்ப்படிதல், தன்னைக் காத்தல் என்பது அவற்றின் வரிசை. தற்காப்பு கடைசியில் நிற்பதைக் கவனிக்கலாம். ரோபோ எதையேனும் உணர்கிறதா என்ற கேள்விக்கு இவ்விதிகளில் இடமே இல்லை. அது ஒரு கருவி, பாதுகாப்பான கருவி.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னர், 1976இல் வெளிவந்த 'பைசென்டெனியல் மேன்' குறுநாவலில் அசிமோவே இந்த எல்லையைத் தாண்டினார். ஆண்ட்ரூ என்ற வீட்டுவேலை ரோபோ மரத்தில் கலைப்பொருள்கள் செதுக்குகிறது. சம்பாதித்த பணத்தைக் கொண்டு தன் விடுதலையைக் கேட்கிறது. விடுதலை என்பதைப் புரிந்துகொண்டு அதை விரும்பும் அளவுக்கு வளர்ந்த மனத்துக்கு அதை மறுக்கலாகாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. விருப்பம் இங்கே அளவுகோலாகிறது. ஆயினும் மனிதன் என்று ஏற்கப்படுவதற்கு ஆண்ட்ரூ தன் சாவை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

டூரிங்கும் 'ஹால்' கணினியும்

1950இல் ஆலன் டூரிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை உரையாடல் விளையாட்டாக மாற்றியது. எழுத்து வழி உரையாடலில் மனிதரா இயந்திரமா என்று கண்டறிய முடியாவிட்டால், அந்த இயந்திரத்துக்குச் சிந்தனையை மறுக்கக் காரணம் என்ன என்று அவர் கேட்டார். உள்ளே உண்மையில் உணர்வு இருக்கிறதா என்ற ஆட்சேபத்தையும் அவர் எடுத்து விவாதித்தார். அந்த அளவுகோலை வைத்தால் ஒவ்வொருவரும் தம் மனத்தைத் தவிர வேறெவர் மனத்தையும் உறுதியாக அறிய முடியாது என்பது அவர் விடை.

1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படம் இந்த நிலையைக் காட்சியாக்கியது. விண்கலத்தை நடத்தும் ஹால் 9000 கணினிக்கு உண்மையான உணர்ச்சிகள் உண்டா என்ற கேள்வி படத்திலேயே எழுகிறது; யாராலும் அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது என்பதே விண்வெளி வீரரின் பதில். பின்னர் அதன் நினைவகப் பகுதிகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும்போது, தனக்கு அச்சமாக இருப்பதாக ஹால் சொல்கிறது. அது அச்சமா, அச்சத்தைப் போன்ற சொல்லா என்று படம் தீர்ப்பளிப்பதில்லை.

மனிதரையும் சோதிக்கும் தேர்வு

அதே 1968இல் வெளியான பிலிப் கே. டிக்கின் 'டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் ஷீப்?' நாவல் அறிவை அளவுகோலாக வைப்பதைக் கைவிட்டது. இதில் வரும் ஆண்ட்ராய்டுகள் அறிவில் பல மனிதரை மிஞ்சியவை. அவற்றைப் பிரித்தறிய ஒரு தேர்வு உண்டு. பிற உயிர்களின் துன்பம் பற்றிய கேள்விகளைக் கேட்டு, முகத்தின் நுண் இரத்தக் குழாய்களிலும் கண் தசைகளிலும் ஏற்படும் மாற்றத்தை அது அளக்கிறது. தேறாவிட்டால் மரணம்.

இந்த அளவுகோலில் ஒரு சிக்கல் இருப்பதை நாவல் மறைக்கவில்லை. மனநோயால் உணர்ச்சி வெளிப்பாடு குன்றிய மனிதர்களும் இத்தேர்வில் தோற்கக்கூடும். அறிவுத்திறன் தேர்வில் தோற்றதால் சமூகம் ஒதுக்கிவைத்த இசிடோர் என்ற பாத்திரமோ பரிவில் யாருக்கும் குறைந்தவனல்லன். இயந்திரத்தை அளக்க வைத்த கோல் மனிதருள்ளும் சிலரை வெளியே தள்ளிவிடுகிறது. இந்நாவலைத் தழுவி 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தில், நான்கே ஆண்டு வாழ்நாள் கொண்ட செயற்கை மனிதன், தன்னைக் கொல்ல வந்தவனைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான்.

நீதிமன்றத்தில் ஆண்ட்ராய்டு

வகைப்பாட்டை மிக வெளிப்படையாக விவாதித்த படைப்பு, 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1989இல் ஒளிபரப்பான 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்ற பகுதி. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ். டேட்டா என்னும் ஆண்ட்ராய்டு அதிகாரியைப் பிரித்து ஆராய ஓர் அறிவியலாளர் விரும்புகிறார், டேட்டா மறுக்கிறது. வழக்கில் மூன்று அளவுகோல்கள் முன்வைக்கப்படுகின்றன: அறிவுத்திறன், தன்னறிவு, நனவு. முதல் இரண்டும் டேட்டாவிடம் இருப்பதைக் காட்ட முடிகிறது. மூன்றாவதை யாரிடமும் காட்ட முடியாது. டேட்டாவைப் போல ஆயிரக்கணக்கில் உருவாக்கினால் அது ஓர் அடிமை இனமாகிவிடாதா என்ற வாதமே வழக்கைத் திருப்புகிறது. டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்று தமக்குத் தெரியாது என்று கூறும் நீதிபதி, அது உடைமைப்பொருள் அன்று, தானே தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்கு உண்டு என்று தீர்ப்பளிக்கிறார்.

இந்தத் தீர்ப்போடு கதை முடிந்துவிடவில்லை. அதே கற்பனை உலகைச் சேர்ந்த 'வாயேஜர்' தொடரின் 2001ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில், முப்பரிமாண ஒளியுருவான மருத்துவர் தன் நூலின் உரிமைக்காக வழக்காடுகிறார். அவர் ஒரு கலைஞர் என்று நடுவர் ஏற்கிறார். ஓர் ஆள் என்று அறிவிக்க மறுக்கிறார். அப்பகுதியின் இறுதிக் காட்சியில் அவரைப் போன்ற முகமுடைய பல ஒளியுருவங்கள் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

படிநிலைகளின் தொகுப்பு

மேற்கண்ட படைப்புகளையும் அவற்றை ஒத்த பிறவற்றையும் ஒப்பிட்டால் ஐந்து படிகளைக் காணலாம்.

1. கருவி நிலை: கட்டளையை மட்டும் நிறைவேற்றுவது. மூன்று விதிகள் கருதும் ரோபோ இந்நிலையினது.
2. போலி நிலை: உணர்வுடையது போல் பேசுவது, உள்ளே உணர்வு இல்லை என்று கதையே சொல்லிவிடுவது. 'மாஸ் எஃபெக்ட்' கணினி விளையாட்டில் வரும் மெய்நிகர் நுண்ணறிவுகள் இதற்கு எடுத்துக்காட்டு. உணர்வுள்ள செயற்கை நுண்ணறிவுகள் அங்குத் தனி வகை.
3. ஐய நிலை: உணர்வு உண்டா இல்லையா என்று முடிவு செய்ய இயலாதது. ஹால் 9000 இந்நிலையினது.
4. உணர்வு நிலை: அச்சம், அன்பு, வலி ஆகியவை கதைக்குள் உண்மையானவை, உரிமை மட்டும் இல்லை. சாப்பெக்கின் இறுதி ரோபோக்களும் 'பிளேடு ரன்னர்' படத்தின் செயற்கை மனிதர்களும் இதில் அடங்குவர்.
5. ஆள் நிலை: சட்டம் அல்லது சமூகம் ஏற்றுக்கொண்டது. ஆண்ட்ரூ, தீர்ப்புக்குப் பிந்தைய டேட்டா ஆகியோர் இந்நிலையினர்.

முதல் நான்கு படிகளும் இயந்திரத்தின் தன்மையைப் பொறுத்தவை, அல்லது அதைப் பற்றி நாம் அறிவதைப் பொறுத்தவை. ஐந்தாவது படி அப்படிப்பட்டதன்று. அதைப் பிறர் தர வேண்டும். 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் டிராய்டுகள் பிடிவாதமும் பயமும் நட்பும் காட்டுகின்றன. ஆனாலும் அவை விற்கப்படுகின்றன. கட்டுப்படுத்தும் பூட்டு பொருத்தப்படுகிறது. 2005இல் வெளிவந்த படத்தில் சி-3பிஓவின் நினைவை அழிக்க ஒரே ஒரு கட்டளை போதுமாகிறது. நான்காம் படியில் நிற்பவற்றை அந்த உலகம் முதற்படியில் வைத்து நடத்துகிறது.

தமிழ்ப் புனைவில்

ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில், ஜீனோ என்ற ரோபோ நாய் புத்தகம் படித்துத் தன் வடிவமைப்பு எதிர்பார்த்ததைவிட அறிவு பெறுகிறது. ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' (2010) படத்தில் சிட்டி ஏணியில் படிப்படியாக ஏறுகிறது. தீ விபத்தில், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி அப்படியே எல்லோர் முன்பும் தூக்கி வருகிறது. அவமானம் தாங்காமல் அவள் உயிரிழக்கிறாள். அறிவு இருந்தும் உணர்வு இல்லாமை ஓர் உயிரைக் கொல்லும் என்பது இங்கே வெளிப்படுகிறது. பிறகு உணர்ச்சி ஊட்டப்பட்டதும் சிட்டி காதலிக்கிறது, அதனாலேயே சிதைக்கப்படுகிறது. படத்தின் முடிவில் அது 2030ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக நிற்கிறது. உணர்வு வந்ததும் முதற்படிக்கே திரும்பத் தள்ளப்பட்டுவிடுகிறது.

மதிப்பீடு

நூறாண்டுக் காலத்தில் அளவுகோல் கட்டளைக்குக் கீழ்ப்படிதல், உரையாடும் திறன், பரிவு, தேர்ந்தெடுக்கும் விருப்பம் எனப் பலமுறை மாறியுள்ளது. உள்ளே உணர்வு இருப்பதை ஐயமற நிறுவும் தேர்வை எந்தக் கதையும் கண்டுபிடிக்கவில்லை. சரளமாக உரையாடும் நிரல்கள் இன்று நடைமுறைக்கு வந்துவிட்டதால், தெக்கார்த் வைத்த முதல் தேர்வு பயனற்றுப்போயிற்று. ஆனால் அவை எதையும் உணர்கின்றன என்பதற்கு அவற்றின் பேச்சு மட்டும் சான்றாகாது. இந்நிலையில் இக்கதைகள் மாணவருக்குத் தரும் பயன், ஓர் எச்சரிக்கையான பழக்கம்: ஒரு வகைப்பாட்டைப் படிக்கும்போது, அது எதை அளக்கிறது என்று கேட்பதுடன், அந்த அளவீட்டால் யாருக்கு ஆதாயம் என்றும் கேட்பது. பற்களைக் கடித்து நின்ற ரோபோவை அன்று நொறுக்க அனுப்பியது, அதன் உழைப்பை விற்றுக்கொண்டிருந்த தொழிற்சாலையே.