கண்ணாடிக் குழாயும் ஒரு துண்டுக் கம்பியும்

பழைய அம்பாசடரின் பானட்டைத் தூக்கினால் சின்னதாக ஒரு ஃபியூஸ் பெட்டி இருக்கும். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குழாய்கள் இரண்டு. இரு முனையிலும் உலோகத் தொப்பி, நடுவே மெல்லிய கம்பி, 35 ஆம்பியர் என்று அச்சிட்ட காகிதத் துண்டு. ஒன்று ஹாரனுக்கும் உள்விளக்குக்கும். மற்றது வைப்பர், பிரேக் லைட், பெட்ரோல் முள்ளுக்கு. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்த ஏற்பாடு இது.

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் சாலையில் இப்படிப்பட்ட வண்டிகள்தாம் பல காலம் ஓடின.

ஃபியூஸின் கதை வாகனத்தில் தொடங்கவில்லை. தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காப்பாற்ற வழியில் ஒரு மெல்லிய கம்பியை வைக்கலாம் என்று பிரான்சின் ப்ரெகே 1847இலேயே சொன்னார். பின்னர் ஃபியூஸ் வீடுகளுக்குள்ளும் வந்தது. இந்தச் சாலையிலுள்ள ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பிறகு மில்களால் வளர்ந்த அந்த ஊரில், பீங்கான் கட்டையைப் பிடுங்கி ஃபியூஸ் வயர் சுற்றுவது வீட்டுக்கு வீடு தெரிந்த வேலையாக இருந்தது. அந்தக் கைப்பழக்கமே வண்டியில் வம்பானது. குழாய் போனதும் சிகரெட் ஜரிகைத்தாளைச் சுற்றிச் செருகினார்கள், வண்டி கிளம்பியது. ஆனால் ஜரிகைத்தாள் எத்தனை ஆம்பியரில் அறும் என்று யாருக்குத் தெரியும்? உருக வேண்டிய கம்பி உருகாவிட்டால் வயரிங்தான் உருகும். நல்ல மெக்கானிக்குகள் இதைக் கண்டால் கொதித்துப் போவதில் நியாயம் இருக்கிறது.

போன குழாயே பாதி விடை சொல்லிவிடும். கண்ணாடி கறுத்து, வெள்ளி பூசியதுபோல் இருந்தால் நேரடி ஷார்ட். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் அதிக லோடு, அல்லது ஆண்டுக்கணக்கில் அதிர்ந்து ஓய்ந்த கம்பி.

அடுத்து வயரின் நிறம்; அந்த வழக்கு லூகாஸ் நிறுவனத்தினுடையது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் மதுரையில் பேருந்து விட்டவர். அவர் தொடங்கிய குழுமம் 1961இல் இங்கிலாந்தின் லூகாஸுடன் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ்ஸை அமைத்தது. லூகாஸ் நிற வழக்கில் பழுப்பு பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி வழியாக வருவது, பச்சை ஃபியூஸைத் தாண்டியது, கறுப்பு எர்த். வேலை கற்க வரும் பையனுக்கு இதுதான் அரிச்சுவடி.

நிறம் பிடிபட்டபின் பல்பு. ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணைப்பார்கள். ஷார்ட் இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரியும். கரண்டைத் தானே கட்டுப்படுத்துவதால் வயர் கருகாது. பிறகு ஒவ்வொரு இணைப்பாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது பல்பு மங்குகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். பெரும்பாலும் தகரத் துளையின் ரப்பர் வளையம் உதிர்ந்து, வயர் அங்கே உரசித் தோல் உரிந்திருக்கும்.

1970களில் அமெரிக்காவின் லிட்டெல்ஃபியூஸ் தகட்டு ஃபியூஸைக் கொண்டுவந்தது. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. பல்பு மட்டும் பட்டறையை விட்டுப் போகவில்லை. ஏர்பேக் வயரை மட்டும் அதைக்கொண்டு தொடக் கூடாது.