நிலவொளிச் சதுக்கத்தின் மறுவாழ்வு

மாந்தரைப் போலவே நகரங்களுக்கும் வளர்ச்சியும் தளர்ச்சியும் உண்டு. தளர்ந்த நகரை மீண்டும் நிமிர்த்தல் எளிதன்று. தலைநகர்த் தமிழராகிய நாம் நன்கறிந்த சாந்தினி சௌக்கின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

ஷாஜகான் 1639இல் அடிக்கல் நாட்டிய ஷாஜகானாபாத் 1648இல் தலைநகராயிற்று. அவர்தம் மகள் ஜகனாரா 1650ஆம் ஆண்டையொட்டி இவ்வங்காடி வீதியை வகுத்தார். செங்கோட்டை முதல் பதேபூரி மசூதி வரை அகன்ற வீதி, நடுவே கால்வாய், இருமருங்கும் நிழல்மரங்கள், இடையில் எண்கோணச் சதுக்கமும் குளமும். குளத்து நீரில் நிலவு ஒளிர்ந்தமையால் 'நிலவொளிச் சதுக்கம்' என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது என்பர். வணிகம் நடக்கும் இடமே மக்கள் இளைப்பாறும் இடமாகவும் திகழ்ந்தது என்பதே இதன் தனிச்சிறப்பு.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் இந்நிலை மாறிற்று. ஜகனாரா கட்டிய சத்திரம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் நகர மண்டபம் எழுந்தது. குளம் இருந்த இடத்தில் மணிக்கூண்டு நின்றது, கால்வாயும் மறைந்தது. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பெற்று, 1931இல் புதுடில்லி திறக்கப்பட்டதும் அதிகாரமும் செல்வமும் தெற்கே நகர்ந்தன. 1947க்குப்பின் மாளிகைகள் பல கடைகளாகவும் கிடங்குகளாகவும் துண்டுபட்டன. வாழ்ந்தோர் அகன்றனர், சரக்கு குடியேறியது.

பல்லாண்டுகளுக்கு முன், துறைத் தேர்வுக்கான நூல்களைத் தேடி நயீ சடக்குக்கு நான் முதன்முதலாகச் சென்றபோது, தலைக்குமேல் மின்கம்பிகள் பின்னிக் கிடந்தன. கீழே கால்வைக்க இடமில்லை.

இவ்வீதியைச் சீரமைக்கும் பணி 2018 டிசம்பரில் தொடங்கி, 2021 செப்டம்பரில் நிறைவெய்தித் திறப்பு விழாக் கண்டது. ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் தொலைவுக்குச் செந்நிறக் கல் பாவினர், கம்பிகளை நிலத்தடியில் புதைத்தனர், இருக்கைகள் அமைத்தனர். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதித்தனர். அந்நாளில் என் முதிய தாயார் துணைக்கு என் கையைப் பற்றாமலே அங்கு நடந்தார். கல்லிருக்கையில் அமர்ந்து ஜிலேபி உண்டார்.

அடுத்த முறை சென்றபோது இருக்கை உடைந்திருந்தது. ஸ்கூட்டர் ஒன்று எங்களை உரசிச் சென்றது. அம்மா மீண்டும் என் கையைப் பற்றிக்கொண்டார்.

அலுவலகத்தில் 'பணி முடிந்தது' எனக் குறிப்பெழுதிக் கோப்பை மூடுவது எம்மனோர் வழக்கம். வீதியின் கோப்பை அவ்வாறு மூடலாகாது. நாள்தோறும் கூட்டுவதும், பழுது பார்ப்பதும், விதியைக் காப்பதும் கல் பதிப்பதினும் பெரும்பணியாகும். மூட்டை சுமப்போரும், ரிக்‌ஷா மிதிப்போரும், தெருவோர வணிகரும் இவ்வீதியின் உயிர்நாடிகள். அவர்களை அகற்றிப் பெறும் அழகு நிலையாது. பழைய மாளிகைகளில் மீண்டும் குடும்பங்கள் வாழ்ந்து விளக்கேற்றினாலன்றி மறுவாழ்வு முழுமை பெறாது.

கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் ஞாயிறு காலையொன்றில் நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். பிழைக்க வந்த ஊராயினும், நம் பிள்ளைகளுக்கு இதுவே பிறந்த ஊர். அதன் வரலாற்றை அறிந்த பிள்ளைகள் அதனைக் காக்கவும் கற்பர்.